மாரடைப்பும் மணித்தியாலங்களும்: தூரத்து மாவட்டங்களுக்கு உகந்த சிகிச்சை எது?

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான காரணங்களின் பட்டியலில் 1995 ஆம் ஆண்டிலிருந்து முதலிடத்தை வகித்து வருவது, இருதயத் தசைக்குச் செல்லும் குருதியோட்டம் குறைவதனால் உண்டாகும் நோயாகும். அதன் மிகக் கொடிய வெளிப்பாடே மாரடைப்பு. ஆயினும், ஏதேனும் ஒரு போதனா வைத்தியசாலையில் புதிய கதீற்றர் ஆய்வுகூடம் திறக்கப்படும் போதோ, இயந்திரம் பழுதடைந்து கிடக்கின்றது என்ற செய்தி வெளியாகும் போதோ மாத்திரமே நாம் இது பற்றிப் பேசுகின்றோம். முல்லைத்தீவிலோ, மன்னாரிலோ, பொத்துவிலிலோ, மலையகத்தின் தேயிலைத் தோட்டமொன்றிலோ நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் ஒருவருக்கு அடுத்த மூன்று மணித்தியாலங்களில் என்ன சிகிச்சை கிடைக்க வேண்டும் என்ற கேள்வி அந்த விவாதங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

அந்த இரவு எவ்வாறு கழியும் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததே. 'வாய்வாக இருக்கும்' என்று இஞ்சித் தண்ணீரோ சோடாவோ கொடுக்கப்படும். விடியட்டும் என்று காத்திருப்பார்கள். வலி குறையாத போது முச்சக்கர வண்டி தேடப்படும். அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குச் செல்வதா, பெரியாஸ்பத்திரிக்கு நேரே போய்விடுவதா, கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றுக்குக் கொண்டு செல்வதா என்று உறவினர்கள் தொலைபேசியில் ஆலோசிப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனும் தன் அபிப்பிராயத்தைச் சொல்வார். எல்லோருடைய நோக்கமும் நோயாளியைக் காப்பாற்றுவதே. ஆனால், அந்த ஆலோசனை நடந்துகொண்டிருக்கும் போதே இருதயத் தசை சிறிது சிறிதாக இறந்துகொண்டிருக்கின்றது.

அடைப்பும் நேரமும்

இருதயத்துக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் முடியுரு நாடியின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புப் படிவு திடீரென வெடிக்கும் போது, அவ்விடத்தில் குருதி உறைந்து கட்டியாகின்றது. அக்கட்டி நாடியை முற்றாக அடைத்துவிட்டால், அதன் வழியாகக் குருதியைப் பெற்ற தசைப்பகுதி அரை மணித்தியாலம் அளவிலேயே இறக்கத் தொடங்குகின்றது. பல மணித்தியாலங்கள் கடந்தால் அப்பகுதியில் காப்பாற்றுவதற்கு எஞ்சுவது சொற்பமே. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. உயிர் தப்பியவரின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்த இழப்பின் விளைவு தொடரும். படியேறினால் மூச்சு வாங்கும், கால்கள் வீங்கும், முன்னர் செய்த தொழிலைச் செய்ய இயலாது.

1960 களுக்கு முன்னர் மாரடைப்புக்கான பிரதான சிகிச்சை படுக்கையில் ஓய்வெடுப்பதாகவே இருந்தது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 30 வீதமானோர் அங்கேயே இறந்தனர். இருதயத் துடிப்பை இடையறாது கண்காணிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்த பின்னர் அந்த வீதம் பாதியளவுக்குக் குறைந்தது. அடுத்த பெரும் மாற்றம் 1980 களில் நிகழ்ந்தது. குருதிக் கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்டோகைனேஸ் ஊசியையும் சாதாரண அஸ்பிரின் மாத்திரையையும் 17,187 நோயாளர்களில் சோதித்து 1988 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், இரண்டையும் பெறாதவர்களில் 13.2 வீதமானோர் ஐந்து வாரங்களுக்குள் குருதிக்குழாய் சார்ந்த காரணங்களால் இறந்திருந்தனர். இரண்டையும் பெற்றவர்களில் அது 8 வீதமாகக் குறைந்திருந்தது. மிக மலிவான ஒரு மாத்திரையும், சாதாரண வார்டில் ஏற்றக்கூடிய ஓர் ஊசியும் சேர்ந்து சாதித்தது இது.

ஆனால், இந்த ஊசியின் பயன் அது எப்போது ஏற்றப்படுகின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996 இல் வெளியிடப்பட்ட கணிப்பொன்றின்படி, வலி தொடங்கி முதல் மணித்தியாலத்துக்குள் சிகிச்சை பெறும் ஒவ்வொரு 1000 பேரிலும் 65 உயிர்கள் மேலதிகமாகக் காப்பாற்றப்படுகின்றன. இரண்டாவது மணித்தியாலத்தில் அது 37 ஆகக் குறைகின்றது. 12 மணித்தியாலங்கள் கடந்துவிட்டால் ஊசியினால் பெரிதாக நன்மை இல்லை. 'விடியட்டும்' என்று காத்திருக்கும் ஒரு குடும்பம் இழப்பது இதனைத்தான்.

ஊசியும் பலூனும்

1977 செப்டெம்பரில் சூரிச் நகரில் வைத்தியர் அன்ட்ரியாஸ் குருன்ற்சிக் முதன்முதலாகச் செய்துகாட்டிய பலூன் சிகிச்சை, பின்னர் மாரடைப்புக்கும் பயன்படுத்தப்படலாயிற்று. கையிலோ தொடையிலோ உள்ள நாடியினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பை விரித்து, அங்கே ஸ்டென்ட் எனப்படும் வலைக்குழாயைப் பொருத்துவதே இம்முறையாகும். ஊசியையும் இச்சிகிச்சையையும் ஒப்பிட்ட 23 ஆய்வுகளின் தொகுப்பு 2003 இல் வெளியானது. அதன்படி, குறுகிய கால மரணம் ஊசி பெற்றவர்களில் 9 வீதமாகவும் பலூன் சிகிச்சை பெற்றவர்களில் 7 வீதமாகவும் இருந்தது. மீண்டும் மாரடைப்பு ஏற்படுவது 7 வீதத்திலிருந்து 3 வீதமாகவும், பக்கவாதம் 2 வீதத்திலிருந்து 1 வீதமாகவும் குறைந்திருந்தது.

எனவே பலூன் சிகிச்சையே மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அது உரிய நேரத்தில் கிடைத்தால் மாத்திரமே. ஐரோப்பிய இருதயநோயியல் சங்கத்தின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டல் இதனைத் தெளிவாகவே வரையறுக்கின்றது. ஈ.சி.ஜி. மூலம் மாரடைப்பு உறுதியான நேரத்திலிருந்து 120 நிமிடங்களுக்குள் அடைப்பை நீக்க முடியுமாயின் பலூன் சிகிச்சை. முடியாதெனில், நோயைக் கண்டறிந்து 10 நிமிடங்களுக்குள் ஊசி. அதன் பின்னர் தாமதியாது பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி, 2 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் நாடியைப் பரிசோதித்து, தேவையெனில் ஸ்டென்ட் பொருத்த வேண்டும்.

இந்த இரண்டாவது வழி ஏழைகளுக்கான தரம் குறைந்த சிகிச்சை என்று எண்ணுவது தவறாகும். ஒரு மணித்தியாலத்துக்குள் பலூன் சிகிச்சை பெற முடியாத 1,892 நோயாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், முதலில் ஊசி பெற்று பின்னர் மாற்றப்பட்டவர்களில் 12.4 வீதமானோருக்கே மரணமோ பாரதூரமான இருதயப் பாதிப்போ ஏற்பட்டது. நேரடியாகப் பலூன் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் அது 14.3 வீதம். இரண்டுக்கும் இடையில் கருதத்தக்க வேறுபாடு இல்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. மூளையில் குருதிக்கசிவு ஏற்படும் ஆபத்து ஊசி பெற்றவர்களில் சிறிது அதிகமாக இருந்தமையால், வயது முதிர்ந்தோருக்கான அளவு ஆய்வின் இடையிலேயே பாதியாகக் குறைக்கப்பட்டது.

அதே ஆய்வு மற்றொரு உண்மையையும் வெளிப்படுத்தியது. ஊசி பெற்றவர்களில் 36 வீதமானோருக்கு அடைப்பு சரிவரத் திறக்காமையால் அவசரமாகப் பலூன் சிகிச்சை தேவைப்பட்டது. ஆகவே 'ஊசி போட்டாயிற்று, இனி நாளை பார்க்கலாம்' என்று சிறிய வைத்தியசாலையிலேயே நோயாளியை வைத்திருப்பதும் பிழையே. ஊசி ஏற்றியதும் பயணம் தொடங்க வேண்டும்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எல்லா மாரடைப்புக்கும் இந்த ஊசி ஏற்றதல்ல. நாடி முற்றாக அடைபடாத வகை மாரடைப்பில் ஊசி நன்மை தருவதில்லை. முன்னர் மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டவர்களுக்கும் அண்மையில் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது ஈ.சி.ஜி.யும் வைத்தியருமே. உறவினர்களின் பணி, அந்த ஈ.சி.ஜி. எடுக்கப்படும் இடத்துக்கு நோயாளியை விரைவாகக் கொண்டு சேர்ப்பதாகும்.

தூரம் சொல்லும் விடை

இந்த 120 நிமிட அளவுகோலை நமது வரைபடத்தின் மீது வைத்துப் பார்ப்போம். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களின் பெரிய வைத்தியசாலைகளுக்கு அருகில் வசிப்போருக்கு, ஆய்வுகூடம் இயங்கும் நேரமாயின், பலூன் சிகிச்சை எட்டக்கூடியதே. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 100 கிலோமீற்றருக்கும் அதிகமான பயணம். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கும் அவ்வாறே. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். தோட்டத்து லயனிலிருந்து பிரதான வீதிக்கு வந்து சேர்வதே தனியொரு பயணம். நெடுந்தீவைச் சேர்ந்தவர் முதலில் கடலைக் கடக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வாகனம் தேடும் நேரத்தையும், வைத்தியசாலையில் அனுமதிக்கும் நேரத்தையும், ஆய்வுகூட ஊழியர்களை இரவில் அழைப்பிக்கும் நேரத்தையும் கூட்டினால் 120 நிமிடங்கள் எளிதாகக் கடந்துவிடும்.

ஆகவே வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகியவற்றின் தூரத்துக் கிராமங்களுக்கு உரிய விடை தெளிவானது. ஈ.சி.ஜி. இயந்திரமும் ஊசியும் உள்ள மிக அருகிலுள்ள வைத்தியசாலையே முதலில் செல்ல வேண்டிய இடம். அதனைக் கடந்து, 'பெரிய இடத்துக்கே போவோம்' என்று வாகனத்தை விரட்டுவது, அன்பினால் செய்யப்படும் ஆபத்தான காரியமாகும்.

வாகனத்தைப் பொறுத்தவரையில் நிலைமை முன்னரைவிட மேம்பட்டுள்ளது. இந்திய நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்ட 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவை, 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் வந்து, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. முச்சக்கர வண்டியில் இருதயம் நின்றுவிட்டால் செய்வதற்கு எதுவுமில்லை. அம்பியூலன்ஸில் பயிற்சி பெற்ற ஊழியர் இருப்பார். இருந்தும் நெஞ்சுவலிக்கு அந்த இலக்கத்தை அழைக்க வேண்டும் என்ற எண்ணம் நமது வீடுகளில் இன்னும் வேரூன்றவில்லை. நெஞ்சின் நடுவே அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியன பலரும் அறிந்த அறிகுறிகள். ஆனால், பெண்களுக்கும் நீரிழிவு நோயாளர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவோ, வாந்தியாகவோ, காரணமற்ற களைப்பாகவோ அது வரக்கூடும். 'அம்மாவுக்குக் களைப்பு' என்று விட்டுவிடப்படும் இத்தகைய நோயாளர்கள் பெரும்பாலும் தாமதமாகவே வைத்தியசாலையை அடைகின்றனர்.

தமிழ்நாட்டின் அனுபவம்

கிராமங்களும் நகரங்களும் நம்மைப் போன்றே அமைந்த அயல் மாநிலமொன்றின் அனுபவம் இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் சிறிய வைத்தியசாலைகளை கதீற்றர் ஆய்வுகூடம் உள்ள பெரிய வைத்தியசாலைகளுடன் இணைத்து, நோயாளியின் ஈ.சி.ஜி.யை உடனுக்குடன் அனுப்பி, அம்பியூலன்ஸ் சேவையையும் அரசாங்கக் காப்புறுதித் திட்டத்தையும் ஒன்றிணைத்த வலையமைப்பொன்று பரீட்சிக்கப்பட்டது. 2,420 நோயாளர்களை உள்ளடக்கிய அதன் பெறுபேறுகள் 2017 இல் வெளியாகின. நாடிப் பரிசோதனை பெற்றோரின் வீதம் 35 இலிருந்து ஏறத்தாழ 61 ஆக உயர்ந்தது.

அதனிலும் முக்கியமானது மரணம் பற்றிய விபரமாகும். வைத்தியசாலையினுள் நிகழ்ந்த மரணங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. ஆனால், ஓராண்டு முடிவில் இறந்திருந்தவர்களின் வீதம் 17.6 இலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. இது முன்னைய காலத்தையும் பின்னைய காலத்தையும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் முழுப் பெருமையையும் வலையமைப்புக்கே வழங்கிவிட முடியாது. எனினும் நாம் கற்க வேண்டிய பாடம் அதில் உண்டு. புதிய கட்டடங்களைக் காட்டிலும், இருக்கின்ற வைத்தியசாலைகளை ஒன்றோடொன்று பேச வைத்ததே அங்கு நிகழ்ந்த மாற்றம். அத்துடன், மாரடைப்புச் சிகிச்சையின் வெற்றியை நோயாளி வார்டிலிருந்து வெளியேறும் நாளில் அளப்பது போதாது, ஓராண்டின் பின்னரும் அளக்க வேண்டும் என்பதையும் அது உணர்த்துகின்றது.

வீடு திரும்பிய பின்னர்

ஸ்டென்ட் பொருத்தியதும் நோய் குணமாகிவிட்டது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. உண்மையில் அடைக்கப்பட்ட ஓரிடம் திறக்கப்பட்டுள்ளதே தவிர, நாடிகளில் கொழுப்புப் படியும் நோய் அவ்வாறே இருக்கின்றது. அஸ்பிரின், அதனுடன் குளோபிடோகிறெல் போன்ற இரண்டாவது மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாற்றின், குருதி அமுக்கத்துக்கான மாத்திரைகள் என நோயாளியின் கையில் ஒரு பொதி கொடுக்கப்படுகின்றது. இரண்டாவது மாத்திரை பொதுவாக ஓராண்டு காலத்துக்குத் தேவை. வைத்தியரைக் கேளாது அதனை இடையில் நிறுத்தினால், ஸ்டென்டினுள்ளேயே குருதி உறைந்து மீண்டும் மாரடைப்பு ஏற்படலாம்.

இவ்வாறிருக்க, 2022 இன் பொருளாதார நெருக்கடி உண்டாக்கிய மருந்துத் தட்டுப்பாடு கற்பித்த பாடத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 'வெளியில் வாங்குங்கள்' என்று கிளினிக்கில் துண்டு எழுதிக் கொடுக்கப்படும் போது, நாட்கூலிக்கு வேலை செய்பவர் எந்த மாத்திரையை விடுவது என்று தானே தீர்மானிக்க வேண்டியவராகின்றார். கிளினிக் நாளில் வேலைக்குப் போக முடியாது, போனால் கிளினிக் தவறிவிடும். இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான சிகிச்சையின் பயன், சில நூறு ரூபா மாத்திரை இல்லாமையால் வீணாகிவிடுகின்றது. அஸ்பிரின், ஸ்டாற்றின், குருதி அமுக்க மருந்து ஆகிய மூன்றையும் ஒரே மாத்திரையில் சேர்த்து வழங்கிய ஆய்வொன்று 2022 இல் வெளியானது. 2,499 நோயாளர்களில் நடத்தப்பட்ட அவ்வாய்வில், இருதய மரணமும் மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏற்படுவதும் 12.7 வீதத்திலிருந்து 9.5 வீதமாகக் குறைந்தன. 2023 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இத்தகைய கூட்டு மாத்திரைகளைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கொள்வனவுக்குப் பொறுப்பானவர்கள் கவனத்திற்கொள்ள வேண்டிய விடயம் இது.

மருந்து மாத்திரம் போதாது. மாரடைப்பின் பின்னர் புகைத்தலைக் கைவிடுபவர்களில் மரண ஆபத்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகின்றது. வேறெந்த மாத்திரைக்கும் இது குறைந்ததல்ல. ஒழுங்கான உடற்பயிற்சியுடன் கூடிய புனர்வாழ்வுத் திட்டங்களும் இருதய மரணங்களைக் கணிசமாகக் குறைப்பதை 2021 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு உறுதிப்படுத்தியது. 'இனி எழுந்து நடக்கவே கூடாது' என்று நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிடும் நமது வழக்கம் மாற வேண்டும்.

நோன்பும் விரதமும் குறித்து ஒரு வார்த்தை. மாரடைப்பு ஏற்பட்டு முதல் சில வாரங்களில் நோன்பு நோற்பது ஆபத்தானது என்பதே இருதய நோய் வைத்தியர்களின் ஆலோசனை. நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை உண்டென்பதை அல்குர்ஆனே கூறுகின்றது. நிலைமை சீரான பின்னர் நோற்க விரும்புவோர், மாத்திரைகளை ஸஹருக்கும் இப்தாருக்கும் ஏற்ப மாற்றியமைக்க முடியுமா என்பதை ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கந்தசஷ்டி விரதம் இருப்போருக்கும் இது பொருந்தும். இவ்விடயத்தில் பள்ளிவாசல்களும் கோயில்களும் சொல்லும் வார்த்தை, வைத்தியரின் வார்த்தையைவிடச் சில வேளைகளில் ஆழமாகச் சென்று சேரும்.

செய்ய வேண்டியவை

புதிய கதீற்றர் ஆய்வுகூடங்கள் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆனால், அவற்றை 24 மணித்தியாலமும் இயக்குவதற்கு நிபுணர்களும் தாதியரும் தொழில்நுட்பவியலாளரும் வேண்டும். 2022 முதல் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறியுள்ள நிலையில், அது ஒரு நாளில் நடைபெறக்கூடியதல்ல. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் உண்டு. ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் ஈ.சி.ஜி. இயந்திரமும் அதனை இரவிலும் வாசித்து ஆலோசனை கூறும் நிபுணருடன் தொலைபேசித் தொடர்பும் இருக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி கையிருப்பில் இல்லாத நாள் ஒன்று இருக்கவே கூடாது. எங்கிருந்து எங்கு நோயாளியை மாற்றுவது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், சிறிய வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாணத்தின் கீழும் இருப்பதனால், இந்த இணைப்பு தானாக நிகழாது. இரு தரப்பும் ஒரே மேசையில் அமர வேண்டும்.

மற்றொன்று மொழி. தமிழும் அரச கரும மொழியாகி பல தசாப்தங்கள் கடந்த பின்னரும், தலைநகரிலும் மலையகத்திலும் தமிழ் பேசும் நோயாளி ஒருவர் தனக்குப் புரியாத மொழியில் கூறப்பட்ட அறிவுரையுடன் வீடு திரும்பும் நிலை முற்றாக நீங்கவில்லை. எந்த மாத்திரையை எவ்வளவு காலம் நிறுத்தக் கூடாது என்பதைத் தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளாகக் கொடுப்பதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அரசு செய்ய வேண்டியதை வலியுறுத்தும் அதே வேளை, நம் கையில் இருப்பதையும் நாம் செய்தாக வேண்டும். நெஞ்சுவலி 15 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் அதனை மாரடைப்பு என்றே கருதி 1990 ஐ அழைப்பது, அருகிலுள்ள வைத்தியசாலைக்கே முதலில் செல்வது, கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் உடன் எடுத்துச் செல்வது என்பனவற்றை ஒவ்வொரு குடும்பமும் ஆரோக்கியமாக இருக்கும் நாளிலேயே பேசி முடிவு செய்துகொள்ளட்டும். எங்கே கொண்டு செல்வது என்ற ஆலோசனையை நள்ளிரவில் தொடங்கக் கூடாது.